சனிக்கிழமைகளில் மட்டும் கூவிய கார்

ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன்னர். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே, சோளக் காணிகளுக்கு நடுவில் இருபது வீடுகள் மட்டுமே உள்ள ஒரு கிராமம். தபால் பெட்டியின் மூடி சத்தமாக விழுந்தாலே நாலு வீட்டு யன்னல் திரை விலகும். அப்படி ஓர் அமைதி.

அந்தத் தெருவில் என் நீலக் கார் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "நான் அடிக்கேல்லை, நான் அடிக்கேல்லை" என்று தமிழில் கத்துகிறேன். பளிச்சென்ற வெயிலில் வைப்பர் ஆடுகிறது. பின் யன்னல்கள் இரண்டும் தம்பாட்டில் இறங்குகின்றன, ஏறுகின்றன, திரும்பவும் இறங்குகின்றன.

பக்கத்து இருக்கையில் ஃப்ராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர். எங்கள் பராமரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, மடியில் ஒரு படிவம்.

நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிடும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆறு மாதமும் புரோபெட்சைட், அதாவது தகுதி பார்க்கும் காலம். அது அடுத்த கிழமை முடிகிறது. அன்று அவர் என்னோடு ஏறியதே என் வேலையைப் பார்த்து அறிக்கை எழுதத்தான். அறிக்கை நன்றாக இருந்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் பழையபடி பிஸ்கட் தொழிற்சாலை. பதினேழு வருடம் ஓடும் பட்டிக்கு முன்னால் நின்று பெட்டி மடித்த இடம். அங்கே திரும்பிப் போவதில்லை என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன்.

இதற்கு முதலே மூன்று தரம் வேலைக்குப் பிந்திப் போயிருந்தேன். மூன்றும் இந்தக் காரால். இன்னொரு பழுது வந்தால் யோசிக்க வேண்டிவரும் என்று ஃப்ராவ் கெஸ்லர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். சிரித்த முகத்தோடு சொன்னால் பயப்பட வேண்டும். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்து நான் கற்றது அது.

ஹோர்ன் கொஞ்சம் கூவட்டும். அதற்கிடையில் இந்தக் காரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு எலுமிச்சம்பழம்

நாற்பத்தாறு வயதில், நாலாம் தரம் சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்த கதையைப் போன கிழமை இதே பத்தியில் படித்திருப்பீர்கள். அந்த லைசென்ஸுக்குப் பிறந்த பிள்ளைதான் இந்தக் கார். பழைய கார்தான். ஆனால் பதிவுப் பத்திரத்தில் என் பெயர் இருந்தது. அந்தத் தாளை நான் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடையில் நிற்கும்போது எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

வாங்கிய கிழமையே கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். "மெல்ல முன்னுக்கு எடுங்கோ பிள்ளை" என்றார். நான் பதற்றத்தில் பின்னுக்கு எடுத்துவிட்டேன். பின்னால் நின்ற ஆட்கள் சிதறி ஓடினார்கள். பழங்கள் நாலும் நசியாமல் அப்படியே கிடந்தன.

"கோயிலுக்கே பின்பக்கம் காட்டின முதல் கார் இதுதான்" என்றார் இவர். இவர் என்றால் என் கணவர் சிவநேசன். சாமி கும்பிடப் போனால் வாசலில் நின்று ஊர்ப்புதினம் கதைத்துவிட்டு வடையோடு திரும்பும் ரகம்.

இரண்டாம் தரம் சரியாக முன்னுக்கு எடுத்தேன், பழங்களும் நசிந்தன. இருந்தாலும் என் மனம் ஆறவில்லை. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமை தோறும், வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது காருக்கும் தெளித்தேன். ஒரு செம்புத் தண்ணீர், மஞ்சள் தூள், நாவூறு போக ஒரு சிறங்கை உப்பு. மாவிலைக்கு ஜெர்மனியில் எங்கே போவேன்? பக்கத்து வீட்டு வேலியில் ஒரு கொத்து முறித்துக்கொள்வேன். ஸ்டியரிங்குக்கு, நாலு இருக்கைக்கு, மூலை முடுக்குக்கு எல்லாம் தாராளமாக.

"இஞ்சேரும், உம்மட கார் ஓடுறதோ, நீந்துறதோ?" என்று பல்கனியில் நின்று இவர் கேட்பார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. வீட்டுக்குத் தெளிக்கிறம், காருக்கு மட்டும் ஓரவஞ்சகமோ?" என்பேன்.

மரநாய்மேல் பழி

இரண்டாம் மாதம் தொடங்கியது கூத்து. முதல் தரம் பற்றரி செத்துக் கிடந்தது. இரவு முழுக்க உள்விளக்கு தானாக எரிந்திருக்கிறது. இரண்டாம் தரம், கொட்டும் மழையில் நாலு யன்னலும் இறங்கின, ஏற மறுத்துவிட்டன. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, தொப்பியை நாடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கார் ஓட்டிய ஒரே ஆள் அந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருக்கும். மூன்றாம் தரம் ஒரு கதவும் திறக்கவில்லை. டிக்கி மட்டும் திறந்தது. அதற்குள்ளால் ஏறி, பின் இருக்கையைத் தாண்டி, ஒருமாதிரித் தவழ்ந்து ஸ்டியரிங்குக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்த்தது. ஒருவர் கையும் தட்டினார்.

பக்கத்து வீட்டு ஹெர் வெபர் முன்மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "மார்டர்!" என்றார். மார்டர் என்றால் கீரிப்பிள்ளை அளவில் ஒரு மரநாய். அது காருக்குள் புகுந்து வயர் கடிக்கும். எங்கே கடித்திருக்கிறது என்று கேட்டேன். "தெரியவில்லை. அதுதான் மார்டரின் கெட்டித்தனம்" என்றார்.

அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது. தன் நாயின் மயிரை ஒரு பழைய காலுறையில் அடைத்து என்ஜினுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். காரின் முன்பக்கத்தில் நான் கட்டிய எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் ஏற்கெனவே தொங்கின. வெளியே எங்கள் காவல், உள்ளே அவருடைய காவல். என்ன நடந்தது? அடுத்த சனி யன்னல் மூன்று தரம் இறங்கியது.

கராஜுக்கும் கொண்டுபோனேன், டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்துத்தான். அங்கே போனதும் கார் பசுப்போல நின்றது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினால் டொக்டரின் மேசையில் ஏறி இருந்து சிரிக்கும் பிள்ளை இருக்கிறதல்லவா, அதே குணம். மெக்கானிக் கம்ப்யூட்டரைக் கொளுவி, பதிவாகியிருந்த பிழைகளை அழித்துவிட்டு, "இப்போது ஒன்றும் இல்லை" என்றார். எனக்குக் காரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

பிள்ளையார் சுழி போட்ட கொப்பி

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் தங்கச்சிதான் நிவேதாவைப் பிடித்துத் தந்தாள். தங்கச்சியின் மேல்மாடியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். கார்களின் வயரிங்கை வடிவமைக்கிற என்ஜினியர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று நினைத்தேன்.

"அக்கா, ஃபால்ட் விட்டு விட்டு வருதுன்னா நாம பேட்டர்ன் தேடணும்" என்றாள் தொலைபேசியில். "ஒரு நோட்ல எழுதி வைங்க. தேதி, கிழமை, மழையா வெயிலா, என்ன ஆச்சு. அவ்வளவுதான். ஒண்ணும் விடாதீங்க."

புதுக் கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு எழுதத் தொடங்கினேன். மூன்று கிழமை எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"அக்கா, கண்ணாடி உள்பக்கமா ஆவி புடிச்ச மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. தினமுமா?"

"ஓம் பிள்ளை. ஆனால் இஞ்சத்தைக் குளிருக்கு எல்லாற்றை காரும் அப்பிடித்தானே."

"இல்லக்கா, உள்ள எங்கயோ தண்ணி நிக்குது. எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். ஹோஸ் வெச்சு மேல அடிக்கச் சொல்லுங்க, நீங்க உள்ள உக்காந்து பாருங்க."

அப்படியே செய்தோம். இவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிக்க, நான் டோர்ச் லைட்டோடு உள்ளே குனிந்து குனிந்து பார்த்தேன். ஹெர் வெபர் பாய்ந்து வந்தார். "வீட்டு வாசலில் கார் கழுவத் தடை!" இவர் குழாயை நிறுத்தாமலே, "நாங்கள் கழுவவில்லை. இது விஞ்ஞானம்" என்றார். அரை மணித்தியாலம் விஞ்ஞானம் நடந்தது. உள்ளே ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

நிவேதாவுக்குக் குழப்பம். "மேல இருந்து வரல. அப்ப எப்படி உள்ள தண்ணி?" என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "அக்கா, நீங்க எழுதின லிஸ்ட்டைப் பாருங்க. சனிக்கிழமை. சனிக்கிழமை. சனிக்கிழமை. மத்த நாள் ஏதோ கொஞ்சம், சனிக்கிழமைதான் பெருசா வருது."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எனக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது! தங்கச்சியும் நானும் இதை ஆறு மாதமாகக் கதைத்தபடிதான். இப்போது ஓர் என்ஜினியரே, கொப்பியில் கணக்குப் பார்த்து, சனி என்று சொல்லிவிட்டாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"வெள்ளிக்கிழமை என்ன பண்றீங்க அக்கா?" என்றாள்.

"வேலையால வந்து, தோய்ஞ்சு, விளக்கேத்தி, மரக்கறி சமைப்பன்."

"நீங்க இல்லக்கா. காரு?"

"கார் என்ன செய்யும், பாவம். வாசலில நிக்கும்."

நான் ஒளிக்கவில்லை, சத்தியமாக. விளக்கேற்றுவதைப் போல, தெளிப்பதும் வெள்ளிக்கிழமையில் ஒன்று. வாசல் கூட்டினேன் என்று டொக்டரிடம் யாராவது சொல்வார்களா?

சனியன்தான் காரணம் என்று தெரிந்துவிட்டதால், வெள்ளிக்கிழமைக் காவலை நான் பலப்படுத்தினேன். இலைக்கொத்தால் தெளிப்பதை விட்டுக் கையால் அள்ளித் தெளித்தேன். உப்பு இரண்டு சிறங்கை. ஃப்ராவ் கெஸ்லர் வரப்போகிற சனிக்கிழமைக்கு முதல்நாள், ஒரு செம்பு போதாது என்று இரண்டு செம்பு. பக்கத்து இருக்கையில் அவர் இருக்கப் போகிறார் என்பதால் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் கவனம். பிறகு இருக்கையை நன்றாகத் துடைத்து, கீழே றப்பர் விரிப்பை ஒழுங்காகப் போட்டு, திருப்தியாகப் போய்ப் படுத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்குத்தான் அப்போதும் விளங்கவில்லை.

மறுபடியும் அந்தத் தெரு

அன்று காலை முழுவதும் கார் தங்கம். ஐந்து வீடும் நேரத்துக்கு முடிந்தன. ஃப்ராவ் கெஸ்லர் படிவத்தில் சரி, சரி என்று அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது வீடு ஃப்ராவ் லிண்ட்னருடையது. தொண்ணூற்றொரு வயது, காது மந்தம். அவர் வாசலில் காரை நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். அப்போதுதான் ஹோர்ன் தொடங்கியது.

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் சாப்பாட்டு முள்ளுக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். கடைசியாக ஃப்ராவ் லிண்ட்னரின் கதவும் திறந்தது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது.

"நீ மணி அடித்தால் எனக்கு ஒருநாளும் கேட்பதில்லை" என்றார். "இன்றைக்குக் கேட்டது! ஒவ்வொரு நாளும் இப்படியே அடி!"

ஃப்ராவ் கெஸ்லர் படிவத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். பிஸ்கட் தொழிற்சாலையின் பட்டி என் கண்முன்னே ஓடத் தொடங்கியது.

நிவேதாவுக்குப் போன் அடித்தேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "பிள்ளை! கேக்குதோ? இதுதான் கார்!"

"அய்யோ! அக்கா, நேத்துதான் அந்தக் காரோட வயரிங் படம் கிடைச்சுது. ஹாரன், ஜன்னல், வைப்பர், கதவு லாக் எல்லாத்துக்கும் ஒரே பொட்டிதான். முன்னாடி பக்கத்து சீட்டுல கால் வைக்கிற இடத்துல, கார்ப்பெட்டுக்குக் கீழ இருக்கு. சாவியை எடுத்துட்டு அதைத் திறங்க!"

சாவியை எடுத்தேன். ஃப்ராவ் கெஸ்லரை இறங்கச் சொன்னேன். அவர் காலை வெளியே வைத்ததும் தெருவே பார்த்தது. வெள்ளைச் சப்பாத்தின் ஓரம் முழுக்க மஞ்சள். காற்சட்டையின் கரையும் மஞ்சள். மணவறைக்குப் போகிற பொம்பிளை போல நின்றார்.

றப்பர் விரிப்பைத் தூக்கினேன். கார்ப்பெட்டைக் கிளப்பினேன். கீழே இருந்த பஞ்சு ஊறி, அமர்த்தினால் மஞ்சள் தண்ணீர் பொங்கியது. நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பிளக்கைச் சுற்றி உப்புப் பூத்து, பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குப் பிடித்திருந்தது. சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டு மஞ்சள்தான். மணத்திலேயே தெரிந்தது.

"கிளிப்பை அமுக்கி இழுங்க அக்கா!"

இழுத்தேன். ஹோர்ன் நின்றது. அந்த அமைதியில் சோளக் காட்டின் சரசரப்புக் கேட்டது.

படம் பிடித்து அனுப்பினேன். நிவேதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அக்கா... நீங்க காருக்குள்ள சமைக்கிறீங்களா?"

ஐயோ, சிவ சிவா! அந்த நொடியில்தான் எனக்கு வெளித்தது. ஐந்து மாதத்து வெள்ளிக்கிழமைகள் எல்லாம் கண்முன்னே வந்து வரிசையாக நின்றன. பழுது வர வர நான் தெளித்தேன். தெளிக்கத் தெளிக்கப் பழுது வந்தது. மரநாயைத் திட்டினேன், மெக்கானிக்கைத் திட்டினேன், ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த சனி பகவானைத் திட்டினேன். வெட்கத்தில் முகம் கொதித்தது. அதே நேரம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பும் கிளம்பியது. பல்லைக் கடித்து அடக்கினேன்.

"இது என்ன மஞ்சள்?" என்று கேட்டார் ஃப்ராவ் கெஸ்லர்.

இதுதான் நெருக்கடி. அந்த மூன்று பிந்தல்களுக்கும் நேராக, படிவத்தின் காரணம் என்ற இடத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருந்தது. கோளாறு என்றால் என் பிழை இல்லை. உண்மையைச் சொன்னால் மூன்றும் என் தலையில். மார்டர் என்று சொல்லலாம். ஹெர் வெபரே சாட்சிக்கு வருவார். வாய்வரைக்கும் வந்தது.

ஆனால் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். பாவம், மனுசி. பொய் வரவில்லை.

"நான்தான் செய்தது" என்றேன் என் உடைந்த ஜெர்மனில். "ஒவ்வொரு வெள்ளியும் உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர் தெளிக்கிறேன். எங்கள் வழக்கம். கெட்டது அண்டாமல் இருக்க."

"காருக்கு உள்ளேயா?"

"உள்ளேதான். பழுது கூடக் கூட, நானும் கூடத் தெளித்தேன்."

"எதற்காக வேண்டிக்கொண்டு?"

"நான் வேலைக்கு நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று."

ஃப்ராவ் கெஸ்லர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு துடித்தது. பிறகு காரின் மேல் கையூன்றிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் அடக்கியதை விட்டேன். இருவரும் கண்ணீர் வடியச் சிரித்தோம். ஃப்ராவ் லிண்ட்னர் ஒன்றும் கேளாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். முள்ளுக்கரண்டியோடு நின்ற ஆளும் சிரித்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டு அவர் படிவத்தை எடுத்தார். "உண்மையைச் சொல்கிறேன். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் தகுதிகாண் காலம் நீட்ட வேண்டும் என்றுதான் எழுதி வந்தேன். வேலையில் குறை இல்லை. ஆனால் ஏன் வருகிறது என்று தெரியாத பழுதோடு ஓடும் காரை நம்பி நோயாளிகளை ஒப்படைக்க முடியாது." எழுதியிருந்த ஒரு வரியை நீளமாக வெட்டினார். "இப்போது காரணம் தெரிந்துவிட்டது. இனி வருமா?"

"வராது."

கார் மூடியின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். நிரந்தரம். அந்தச் சொல்லை மூன்று தரம் வாசித்தேன். பிறகு ஃப்ராவ் லிண்ட்னரைக் குளிக்க வார்க்கப் போனேன். 

வேலை முடிந்ததும் இவருக்குப் போன் அடித்தேன், வந்து எங்களை ஏற்றிப்போகச் சொல்ல. குரல் எழும்பவில்லை, அழுகையும் சிரிப்புமாக வந்தது. இவர் பயந்துபோனார்.

"என்னப்பா? வேலை போட்டுதோ? சொல்லுமன்!"

"இல்லையப்பா. நிரந்தரமாக்கிப் போட்டினம்."

பிறகு முழுக் கதையையும் சொன்னேன். மஞ்சள், உப்பு, பெட்டி, சப்பாத்து, வெட்டிய வரி, எல்லாம்.  எனக்கு இன்றைக்கு நல்ல கிழி இருக்கிறது என்று காத்திருந்தேன்.

"அப்ப," என்றார் இவர் மெதுவாக, "உந்தத் தண்ணி தெளிச்சிராட்டி உமக்கு இண்டைக்கு இந்த வேலை கிடைச்சிராது. என்ன?"

தெளிக்காவிட்டால் பழுதே வந்திராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது.